முதல் முறை மட்டும் எழுதியபடியே

இத்தாலியச் சமையல் நூலை ஆசையாக வாங்கி, நாலு பக்கம் புரட்டிவிட்டு, "இதில் என்ன பெரிதாக இருக்கிறது?" என்று மூடி வைத்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

உங்களில் பலரை எனக்குத் தெரியும். சிலருக்கு அந்தப் புத்தகம் பிறந்தநாள் பரிசாக வந்தது. சிலர் பிள்ளைகளின் நச்சரிப்பு தாங்காமல் வாங்கினீர்கள். புத்தகக் கண்காட்சியில் அட்டையின் பளபளப்பைப் பார்த்து மயங்கியவர்களும் உண்டு. வீட்டுக்கு வந்து பக்கங்களைப் புரட்டியதும் எல்லோருக்கும் எழுந்த சந்தேகம் ஒன்றுதான். தக்காளி, வெண்ணெய், வெங்காயம், உப்பு, இவ்வளவுதானா? தாளிப்பு எங்கே? காரம் எங்கே? ஒரு வத்தக்குழம்புக்கே மேடை நிறைய டப்பாக்களைத் திறந்து வைக்கும் கைக்கு, நாலே சாமானில் ஒரு பதார்த்தம் என்றால் யாரோ ஏமாற்றுவதுபோலத்தான் தோன்றும். அதனால் புத்தகம் அலமாரிக்குப் போய்விடுகிறது. அல்லது அடுப்படிக்குப் போய், இஞ்சி பூண்டு விழுதும் கரம் மசாலாவும் சேர்ந்து, பாஸ்தா உப்புமாவாக வெளியே வருகிறது.

பாஸ்தா உப்புமாவோடு எனக்குப் பகை கிடையாது. பசித்த மாலையில் அதுவும் நன்றாகவே இறங்கும். ஆனால் அதற்காக அவ்வளவு விலை கொடுத்துப் புத்தகம் வாங்கியிருக்க வேண்டாம். நான் உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று: எந்தக் குறிப்பானாலும் முதல் முறை மட்டும் எழுதியபடியே செய்யுங்கள். கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம், "நம்ம ருசிக்கு" என்று எதையும் தூவ வேண்டாம். இரண்டாம் முறை உங்கள் இஷ்டம்.

"சமையல் என்பது கைப்பக்குவம், அதைப் புத்தகம் பார்த்துப் படிக்க முடியுமா?" என்று கேட்பீர்கள். நம் வீடுகளில் இது வேதவாக்கு. இதற்குப் பதிலாக நான் காட்டக்கூடியவர் மார்செல்லா ஹசான். அமெரிக்கர்களுக்கு இத்தாலியச் சமையலைக் கற்றுக்கொடுத்தவர் என்று கொண்டாடப்படும் அம்மையார். 1924இல் அட்ரியாட்டிக் கடலோரத்து செசெனாட்டிகோ என்ற மீன்பிடி ஊரில் பிறந்தவர். ஃபெர்ராரா பல்கலைக்கழகத்தில் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். சிறு வயதில் முறிந்த ஒரு கை கடைசிவரை சரியாக நீளவே இல்லை. 1955இல் விக்டர் ஹசானை மணந்துகொண்டு நியூயார்க் போனபோது அவருக்குச் சமைக்கத் தெரியாது. வீட்டில் அம்மாவும் பாட்டியும் அருமையாகச் சமைத்தார்கள். இவர் சாப்பிட்டார், படித்தார், அவ்வளவுதான். கணவரோ எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்வார், சுமாரான சாப்பாட்டை மட்டும் பொறுக்கமாட்டார். அந்நிய ஊரில், மொழியும் பிடிபடாத நிலையில், ஆதா போனி எழுதிய இத்தாலியச் சமையல் நூலைத் துணைக்கு வைத்துக்கொண்டு அடுப்பு முன்னால் நின்றார். அந்த நூல் இத்தாலியில் தலைமுறை தலைமுறையாகப் புதுமணப் பெண்களுக்குக் கொடுத்தனுப்பப்படும் புத்தகம்.

பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1969இல் அவர் சீனச் சமையல் கற்க ஒரு வகுப்பில் சேர்ந்தார். ஆசிரியை பாதியில் ஊருக்குப் போய்விட, உடன் படித்த பெண்கள் "நீங்கள் எங்களுக்கு இத்தாலியச் சமையல் சொல்லிக்கொடுங்களேன்" என்று கேட்டார்கள். தன் அடுக்ககத்து அடுப்படியிலேயே வகுப்பைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு நியூயார்க் டைம்ஸின் உணவு ஆசிரியர் கிரெய்க் கிளெய்போர்ன் அவர் வீட்டில் மதிய உணவு சாப்பிட்டுவிட்டு அவரைப் பற்றி எழுதினார். 1973இல் முதல் புத்தகம் வந்தது, 1978இல் இரண்டாவது. இரண்டையும் ஒன்றாக்கித் திருத்திய பெரிய நூல் 1992இல் வந்தது. அவர் இத்தாலிய மொழியில் கையால் எழுத, கணவர் ஆங்கிலத்தில் ஆக்குவார். அந்தப் பெரிய நூலில் வாயூறவைக்கும் வண்ணப்படங்கள் இல்லை, கோட்டோவியங்கள்தான். 2013இல் அவர் காலமானபோது, அந்தப் புத்தகத்தைப் பார்த்துச் சமைக்கக் கற்ற ஒரு பெருங்கூட்டம் உலகெங்கும் இருந்தது.

இந்தக் கதையில் நாம் கவனிக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. மார்செல்லாவுக்குச் செய்முறை தெரியாதே தவிர ருசி தெரியும். அம்மா கை ரசமும் பக்கத்து வீட்டு ரசமும் வேறு என்று நம் நாக்குச் சொல்லிவிடுகிறதே, அதேபோல அவர் நாக்கில் செசெனாட்டிகோ இருந்தது. அடுப்பில் இருப்பது சரியா தவறா என்று உள்ளிருந்து யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள். உங்களுக்கும் எனக்கும் அந்த வசதி இல்லை. மிளகாய்த்தூளைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்ய, எதிலிருந்து கூட்டுகிறோம், எதிலிருந்து குறைக்கிறோம் என்று தெரிந்திருக்கவேண்டாமா? முதல் முறை எழுதியபடி செய்வது அதற்காகத்தான். இத்தாலியர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்பதற்காக அல்ல.

இனி மேலே சொன்ன அந்த நாலு சாமான் குறிப்புக்கே வருகிறேன். மார்செல்லாவின் நூலில் மிகப் பிரபலமான குறிப்பு அதுதான். நன்கு பழுத்த தக்காளி 900 கிராம். தோல் நீக்கி எடுத்துக்கொள்ளவேண்டும். வெண்ணெய் 5 மேசைக்கரண்டி, கிட்டத்தட்ட 70 கிராம். நடுத்தர வெங்காயம் ஒன்று, தோலுரித்து இரண்டாக வெட்டியது. உப்பு. எல்லாவற்றையும் ஒன்றாகப் பாத்திரத்தில் போட்டு, மூடாமல், மிகச் சிறு தீயில் 45 நிமிடம். அவ்வப்போது கிளறி, பெரிய துண்டுகளைக் கரண்டியால் மசிக்கவேண்டும். வெண்ணெய் தக்காளியிலிருந்து பிரிந்து மேலே மிதக்கும்போது இறக்கவேண்டும். வெங்காயத்தை எடுத்துவிடலாம்.

வதக்குதல் இல்லை, நறுக்குதல் இல்லை, பூண்டுகூட இல்லை. இங்கேதான் நம் கை துறுதுறுக்கும். வெங்காயத்தை ஏன் பொடியாக நறுக்கக்கூடாது? நறுக்கி வதக்கினால் அதன் இனிப்பு முன்னுக்கு வந்து, அது வெங்காயத் தொக்கின் வழிக்குப் போய்விடும். பாதியாகக் கிடக்கும் வெங்காயம் தன் சாரத்தை மெதுவாகக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. வெண்ணெய் தக்காளியின் புளிப்பை மழுங்கவைக்கிறது. 45 நிமிடம் என்பது நீர் வற்றவும் பச்சை வாசனை போகவும் ஆகும் நேரம். "எண்ணெய் பிரிந்து வரும்வரை" என்று நம் அம்மாக்கள் சொல்வதைத்தான் அந்த அம்மாளும் சொல்கிறார். அந்தப் பதம் உங்களுக்கு ஏற்கெனவே கைவந்தது. இத்தாலியப் புத்தகத்தில் பாதி வேலை நமக்குத் தெரிந்த வேலை என்பதை யாரும் நமக்குச் சொல்வதில்லை.

ஆனால் எழுதியபடி செய்வது என்றால் கண்ணை மூடிக்கொண்டு செய்வதல்ல. புத்தகம் வேறொரு அடுப்படியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அது சொல்லாமல் விட்டவற்றை நீங்கள்தான் கண்டுபிடிக்கவேண்டும். இந்தக் குறிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வெண்ணெய் என்றால் உப்பில்லாதது. நம் கடையில் சாதாரணமாகக் கிடைப்பது உப்பு வெண்ணெய். அதைப் போட்டுவிட்டு, குறிப்பில் இருக்கும் உப்பையும் போட்டால் வாயில் வைக்க முடியாது. உப்பில்லா வெண்ணெயைத் தேடி வாங்குங்கள், அல்லது உப்பைக் கடைசியில் ருசி பார்த்துச் சேருங்கள். அங்கே தக்காளி என்றால் சதைப்பற்றுள்ள, விதை குறைந்த நீளத் தக்காளி. நம் நாட்டுத் தக்காளி ரசத்துக்குப் பிறந்தது: நீர் அதிகம், புளிப்பு அதிகம். பெங்களூர்த் தக்காளியில் நன்கு சிவந்து, தொட்டால் கொஞ்சம் அமுங்குவதைப் பொறுக்கி எடுங்கள். வெங்காயம் என்றால் பெரிய வெங்காயம். சாம்பார் வெங்காயத்தின் வீரியம் இங்கே வேண்டாம். அடுத்த பக்கத்தில் கோழிக்குள் எலுமிச்சை வைத்துச் சுடச் சொல்லியிருந்தால், அது தடித்த தோலுள்ள மஞ்சள் எலுமிச்சை. ஊறுகாய் போடும் நம் எலுமிச்சை வேறு சாதி.

அளவுகளும் இப்படித்தான். அமெரிக்கப் புத்தகத்தில் ஒரு கப் என்பது சுமார் 240 மில்லிலிட்டர், மேசைக்கரண்டி 15 மில்லிலிட்டர். ஆஸ்திரேலியப் புத்தகமானால் அதே மேசைக்கரண்டி 20 மில்லிலிட்டராகிவிடும். புத்தகம் எங்கே அச்சானது என்று முதல் பக்கத்தில் பார்த்துவிடுங்கள். இத்தாலியர்கள் கிராமில்தான் எழுதுவார்கள். ஒரு சின்ன மின்னணுத் தராசு வாங்கிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. நம் வீட்டு டம்ளர் எந்த நாட்டு அளவிலும் சேராது.

ஒலிவ எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. எலிசபெத் டேவிட் 1954இல் இத்தாலிய உணவு பற்றி ஆங்கிலேயர்களுக்குப் புத்தகம் எழுதிய காலத்தில், இங்கிலாந்தில் பலர் ஒலிவ எண்ணெயை மருந்துக்கடையில் சின்னப் புட்டியில்தான் பார்த்திருந்தார்கள். நமக்கும் அது குழந்தைக்குத் தேய்த்துவிடும் எண்ணெயாக, மருந்துக்கடை டப்பாவில்தான் அறிமுகமானது. அந்த டப்பாவைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். முதல் பிழிவு எண்ணெய் கட்டுப்படியாகாவிட்டால், வெண்ணெயில் செய்யும் குறிப்புகளிலிருந்து தொடங்குங்கள். வட இத்தாலியில் அது இயல்பான வழக்கம்தான்.

குழம்பு தயார். இனி பாஸ்தா.

100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. இத்தாலிய வீடுகளில் இது வாய்ப்பாடு. தண்ணீர் தளதளவென்று கொதித்தபின் உப்பு, உப்புக்குப்பின் பாஸ்தா. எண்ணெய் ஊற்றவேண்டாம், ஊற்றினால் குழம்பு பாஸ்தாமேல் ஒட்டாமல் வழுக்கும். பொட்டலத்தில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஓரிரு நிமிடம் முன்னாலேயே ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நடுவில் மெல்லிய உறுதி தெரியவேண்டும். குழைய வெந்தால்தான் வெந்தது என்று நினைக்கும் நமக்கு இது கொஞ்சம் பழகவேண்டும். வடித்தபின் குழாயடியில் காட்டிக் குளிரவைக்கும் வழக்கம் நம்மிடையே எப்படியோ பரவியிருக்கிறது. நூடுல்ஸ் செய்த கைப்பழக்கமாக இருக்கலாம். தயவுசெய்து விட்டுவிடுங்கள். பாஸ்தாவின் மேல் படிந்திருக்கும் மாவுச்சத்துதான் குழம்பைப் பிடித்துவைக்கிறது. அதைக் கழுவிக் கொட்டிவிட்டு, "குழம்பு தனியாக நிற்கிறதே" என்று கேட்பது நியாயமில்லை.

வாங்கும்போது பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். துரும் கோதுமை ரவையில் செய்தது என்று இருக்கவேண்டும். இத்தாலியில் 1967ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உலர் பாஸ்தாவை துரும் கோதுமையில்தான் செய்யவேண்டும் என்று கட்டளையிட்டிருக்கிறது. அந்தக் கோதுமையின் புரதம்தான் கொதிநீரில் குழையாமல் நிற்கும் வலுவைக் கொடுக்கிறது. மைதாவில் செய்த மலிவுப் பாஸ்தா எத்தனை கவனமாக இருந்தாலும் கூழாகும். அதில் உங்கள் குற்றம் ஏதுமில்லை.

வடிக்கும் முன் ஒரு குவளை கொதிநீரை எடுத்துவைக்கச் சொல்லிப் புத்தகங்கள் வலியுறுத்தும். வெறும் நீர்தானே என்று சாக்கடையில் விட்டுவிடுவோம். கஞ்சித் தண்ணீரின் அருமை தெரிந்த ஊரில் இது நடப்பதுதான் ஆச்சரியம். ரோமாபுரியில் காச்சோ எ பெப்பே என்று ஒன்று செய்வார்கள்: பாஸ்தா, செம்மறியாட்டுப் பாலில் செய்த பெகொரினோ சீஸ் துருவல், மிளகு. அவ்வளவே. ஆனால் கை தேர்ந்தவர்களுக்கே அந்த சீஸ் சில நாள் வழவழப்பாகாமல் உருண்டை கட்டிக்கொள்ளும். இது ஏன் என்று இத்தாலிய இயற்பியலாளர்கள் சிலர் சேர்ந்து ஆராய்ந்து, 2025இல் இக் நோபல் பரிசே வாங்கிவிட்டார்கள். சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் பரிசு அது. சூட்டில் சீஸின் புரதம் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுப்பது நீரில் இருக்கும் மாவுச்சத்து. சீஸின் எடையில் 2 முதல் 3 சதவீதம் மாவுச்சத்து இருந்தால் கலவை நிலைத்து நிற்கும் என்று கண்டார்கள். பாஸ்தா வெந்த நீரில் அந்த அளவு எப்போதும் இருக்கும் என்று சொல்லமுடியாது. கொஞ்சம் சோளமாவைத் தனியே கரைத்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் யோசனை. ரோமாபுரிப் பாட்டிமார் இதை ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்.

சீஸ் பேச்சு வந்துவிட்டதால், சைவர்களிடம் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். புத்தகங்கள் இதைச் சொல்வதில்லை, ஏனென்றால் அவை எழுதப்பட்ட ஊரில் இந்தக் கேள்வியே எழவில்லை. பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்னும் அசல் பார்மேசன் சீஸில் பாலை உறையவைக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைத்தான் பயன்படுத்தவேண்டும் என்பது விதி. பார்மா, ரெஜ்ஜோ எமிலியா, மோதெனா முதலிய குறிப்பிட்ட பகுதிகளில் செய்து, குறைந்தது 12 மாதம் முதிரவைத்தால்தான் அந்தப் பெயர் வைக்கலாம். "பாஸ்தா சைவம்தானே" என்று தாராளமாகத் தூவிச் சாப்பிடும் சைவ அன்பர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. நுண்ணுயிர் ரென்னெட்டில் செய்த கெட்டி சீஸ் வகைகள் இந்தியாவிலும் கிடைக்கின்றன. பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ருசி அதேதான் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் இதைவிட நல்ல வழி ஒன்றைத் தென்னித்தாலியின் ஏழைகள் கண்டுவைத்திருக்கிறார்கள். சீஸ் வாங்க வசதியில்லாத சிசிலி, கலாப்ரியா வீடுகளில் பழைய ரொட்டியைத் தூளாக்கி, ஒலிவ எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து, பாஸ்தாமேல் தூவுவார்கள். பூண்டும் எண்ணெயும் காய்ந்த மிளகாயும் போட்ட ஸ்பகெட்டிமேல் அந்த மொறுமொறுப்பு விழுந்தால் சீஸை யாரும் தேடமாட்டார்கள். "காரம் எங்கே" என்ற உங்கள் கேள்விக்கும் அதுவே பதில். கலாப்ரியாக்காரர்கள் மிளகாய்ப் பிரியர்கள். அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த மிளகாயை நாம் மட்டும் தத்தெடுக்கவில்லை.

பேசில் இலையை அரைத்துச் செய்யும் பெஸ்தோவுக்கு ஆசைப்படுவோருக்கு: பேசில் என்பது துளசி அல்ல. நம் திருநீற்றுப்பச்சிலை அதே இனம்தான். ஃபலூடாவில் மிதக்கும் சப்ஜா விதை அந்தச் செடியின் விதை. ஆனால் வாசனை ஜெனோவாவின் இளந்தளிரைவிடக் கடுமை. பூக்கும் முன் இளம் இலையாகப் பறித்துக்கொள்ளுங்கள். பெஸ்தோவை அடுப்பில் ஏற்றாதீர்கள். பாஸ்தா வெந்த நீர் ஒரு கரண்டி விட்டு இளக்கினால் போதும்.

அரிசியில் செய்யும் ரிசோத்தோவில்தான் நம் பழக்கத்தோடு நேருக்கு நேர் மோதவேண்டி வரும். அரிசியைக் கழுவக்கூடாது. மூன்று முறை களைந்து உலையில் போடும் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இது பாவம் செய்வது போலிருக்கும், தெரியும். ஆனால் வட இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளியில் விளையும் ஆர்போரியோ, கார்னரோலி அரிசிகளின் மேற்பரப்பு மாவுச்சத்துதான் ரிசோத்தோவின் பாலாடைத் தன்மைக்குக் காரணம். களைந்தால் அது போயிற்று. வெர்செல்லி, நோவாரா, பாவியா பக்கமெல்லாம் தஞ்சாவூர் போலக் கண்ணுக்கெட்டியவரை நெல்வயல். 1866இல் திறந்த கவூர் கால்வாய் அந்த நிலத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தது. அங்கே களையெடுத்த பெண்களை வைத்து 1949இல் ஒரு புகழ்பெற்ற திரைப்படமே வந்தது. அரிசியை வெண்ணெயில் லேசாக வறுத்து, கொதிக்கும் காய்கறிச் சாற்றைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கிளறி, கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டுக் குளிர்ந்த வெண்ணெயும் சீஸும் அடித்துக் கலக்கவேண்டும். குக்கரில் மூன்று விசில் விட்டு இறக்கலாமே என்பீர்கள். இறக்கலாம், இத்தாலியர்களே சிலர் அப்படிச் செய்கிறார்கள். முதல் முறை மட்டும் கிளறிப் பாருங்கள்.

இவ்வளவு சொல்வதால் நான் "அசல்" என்ற கட்சியில் இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். அந்தக் கட்சிக்காரர்கள் வேறு. 1972இல் பொலோஞா வணிகர் சங்கத்தில் தங்கத்தால் ஒரு தாலியத்தெல்லே பாஸ்தா நாடாவைச் செய்து வைத்து, வெந்தபின் அகலம் 8 மில்லிமீட்டர் இருக்கவேண்டும் என்று பதிவு செய்தார்கள். ரசிக்கத்தக்க பைத்தியம். கார்போனாரா பாஸ்தாவில் கிரீம் ஊற்றினால் இன்றைக்கு இத்தாலியர்கள் சண்டைக்கு வருகிறார்கள். ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே அந்தப் பதார்த்தம் அச்சில் தலைகாட்டுகிறது. 1954இல் ஓர் இத்தாலிய இதழ் வெளியிட்ட குறிப்பில் சுவிட்சர்லாந்தின் க்ரூயேர் சீஸும் பூண்டும் இருந்தன. மிலான் நகரத்துப் பெரும் சமையல் கலைஞர் குவால்தியெரோ மார்க்கேசியே 1980களின் கடைசியில் கிரீம் சேர்த்து எழுதினார். ஆக, புத்தகத்தில் உள்ளது என்றென்றைக்குமான சட்டம் என்று நான் சொல்லவில்லை.

இத்தாலியச் சமையல் நூல்களின் தாத்தாவே திருத்தித் திருத்தி வளர்ந்ததுதான். பெல்லெக்ரினோ ஆர்டூசி என்ற பட்டு வணிகர், தொழிலை விட்டு ஓய்ந்தபின், எழுபது வயதில் ஒரு சமையல் நூல் எழுதினார். பதிப்பகத்தார் யாரும் சீண்டவில்லை. 1891இல் தன் கைக்காசில் 1,000 பிரதி அச்சிட்டார். அப்போது அதில் 475 குறிப்புகள். சொந்த ஊரான ஃபோர்லிம்போபோலியில் தருமக் குலுக்கலுக்கு இரண்டு பிரதி கொடுத்தாராம். பரிசாகப் பெற்றவர்கள் கேலி செய்துகொண்டே புகையிலைக் கடையில் விற்கப் போனார்கள். இதை ஆர்டூசியே பின்னாளில் சிரித்துக்கொண்டு எழுதியிருக்கிறார். 1891இல் தன் கைக்காசில் 1,000 பிரதி அச்சிட்டார். அப்போது அதில் 475 குறிப்புகள். படித்த பெண்கள் கடிதம் எழுதினார்கள்: இது சரியாக வரவில்லை, எங்கள் ஊரில் இப்படிச் செய்வோம், இதையும் சேருங்கள். அவர் ஃப்ளோரன்ஸ் வீட்டில் தன் சமையற்காரர்களான மாரியெத்தா, பிரான்செஸ்கோ இருவரோடு ஒவ்வொன்றையும் செய்து பார்த்துச் சேர்த்துக்கொண்டே போனார். 1911இல் அவர் இறக்கும்போது குறிப்புகள் 790 ஆகியிருந்தன. திருமணம் செய்துகொள்ளாத மனிதர். புத்தகத்தின் உரிமையை அந்த இரண்டு சமையற்காரர்களுக்கே எழுதிவைத்துவிட்டுப் போனார். எனக்குத் தெரிந்து எழுத்தாளர் ஒருவர் செய்த மிக நாணயமான காரியங்களில் இதுவும் ஒன்று.

ஆர்டூசிக்குக் கடிதம் எழுதிய பெண்களும் முதலில் அவர் எழுதியபடி செய்து பார்த்தவர்கள்தான். செய்து பார்த்தபின்தான் "உங்கள் அளவு சரியில்லை" என்று சொல்லும் தகுதி வந்தது. நீங்களும் இரண்டாம் முறையிலிருந்து திருத்துங்கள். பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவையுங்கள்: உப்பு குறைக்க, நம் அடுப்பில் ஒரு மணி நேரம் ஆகிறது, மாமனாருக்கு மிளகு கூட்ட. புத்தகம் அழுக்காகட்டும்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், லசாஞாவும் பீட்சாவும் வேண்டாம் என்பேன். லசாஞா ஒரு கல்யாண வேலை. பீட்சாவுக்கு நேப்பிள்ஸில் விறகடுப்பை 400 டிகிரிக்கு மேல் காய்ச்சுகிறார்கள். வீட்டு அவனில் வருவது அதன் தூரத்து உறவு. வெங்காயம் போட்ட தக்காளிக் குழம்பு, பூண்டு எண்ணெய் ஸ்பகெட்டி, பிறகு பருப்பு போட்ட சூப், அதன்பின் ரிசோத்தோ. இந்த வரிசையில் போனால் போதும். மூன்று புத்தகம் வாங்கவேண்டாம். ஒன்றையே தேயத் தேயப் படியுங்கள். குறிப்பை அடுப்பு பற்றவைக்கும் முன் கடைசி வரிவரை படித்துவிடுங்கள். "முந்தின இரவே ஊறவைத்த பயறு" என்று ஏழாவது வரியில்தான் எழுதியிருப்பார்கள்.

கடைசியாக, குறிப்புகளின் அடியில் "உடனே பரிமாறவும்" என்று ஒரு வரி இருக்கும். சம்பிரதாயத்துக்கு எழுதியது என்று தாண்டிப் போய்விடுகிறோம். உண்மையில் நம் வீட்டில் கடைப்பிடிக்க மிகக் கடினமான வரி அதுதான். இங்கே சமைத்தவர், பெரும்பாலும் வீட்டுப் பெண், எல்லோருக்கும் பரிமாறி, கேட்டுக் கேட்டு மறுபடி போட்டு, கடைசியில் உட்காருவார். குழம்பும் சோறும் அதுவரை காத்திருக்கும். பாஸ்தா காத்திருக்காது. பத்து நிமிடத்தில் குழம்பைக் குடித்து ஊதிவிடும். காலையிலிருந்து நின்று சமைத்தவருக்குக் கிடைப்பது அந்த ஊதிய பாஸ்தா. பிறகு அவர் "எனக்கு என்னவோ இது பிடிக்கவில்லை" என்பார். அவர் அதைச் சாப்பிடவே இல்லை என்பதுதான் நிஜம்.

ஆகவே வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் இந்த மடலைப் படித்துக் காட்டுங்கள். குழம்பு தயாரானதும் எல்லோரையும் மேசைக்குக் கூப்பிடுங்கள். தொலைக்காட்சியை அணைத்து, தட்டு வைத்து, உட்கார்ந்தபிறகே பாஸ்தாவைத் தண்ணீரில் போடுங்கள். வடித்து, குழம்பில் புரட்டி, பாத்திரத்தோடு மேசை நடுவில் வையுங்கள். அவரவர் போட்டுக்கொள்ளட்டும். முதல் கரண்டி உங்கள் தட்டில் விழட்டும்.

அன்புடன்,
உங்களைப் போலவே புத்தகத்தை விரித்துவைத்துச் சமைக்கும் ஒருவர்